வேறொரு கருவியில் நூற்றுப் பதினான்காம் பக்கம்

அவனுக்கு அலுவலகத்தில் அட்டவணை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மிக்சி, மெத்தை, கைபேசி, காற்று சுத்திகரிப்பான் என்று மனிதர்கள் ஆசையாக வாங்கி அப்புறம் வருந்துகிற பொருள் எதுவானாலும், அதில் இரண்டை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, கட்டம் போட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கொடுத்துக் கட்டுரை எழுதுவது அவன் பிழைப்பு. படிக்கிறவர்கள் கட்டுரையைத் தாண்டிக் குதித்து நேராகக் கட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அவனும் கட்டத்தை மட்டும் கவனமாக எழுதுவான்.

காதலைச் சொன்ன நாளிலும் அவன் சட்டைப்பையில் ஓர் அட்டவணை இருந்தது. அவளுக்குத் தொண்ணூற்றொன்று. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. மிச்சம் ஒன்பது எங்கே போயிற்று என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த மாதம் அவனுக்கு வந்த தலைப்பு, மின்னூல் படிக்க டேப்லெட் நல்லதா, இ-ரீடர் நல்லதா என்பது. கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொன்று அனுப்பியிருந்தார்கள், திருப்பித் தர வேண்டாம் என்ற சொல்லோடு. டேப்லெட் பளபளவென்று, வண்ணத்தில், பாட்டுப் பாடி, படம் காட்டி, ஊரில் உள்ள எல்லா வேலையும் தெரிந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இ-ரீடர் சாம்பல் நிறத்தில், கறுப்பு எழுத்தில், பக்கம் திருப்புவதைத் தவிர வேறெதுவும் தெரியாமல், பெண் வீட்டில் வாய் திறக்காத மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறவள். டேப்லெட்டைப் பார்த்ததும், கண்ணை நோண்டிக் கையில் கொடுக்க இதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை என்றாள். அவள் இ-ரீடர் கட்சி. அவன் டேப்லெட் கட்சி. இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துப் பாத்திரம் கழுவும் வரை போகும். கழுவுவது யார் முறை என்ற இன்னொரு வழக்கில் கலந்து மறுநாளுக்கு ஒத்திவைக்கப்படும்.

மூன்றாவது ஆள் அவனுடைய அம்மா. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு, நான்கு வருடமாக இவர்களோடு இருக்கிறார். அட்டவணையில் 'வயதானவர்களுக்கு வசதி' என்று ஒரு கட்டம் காலியாக இருந்ததால், முதல் வாரத்திலேயே அவன் டேப்லெட்டை அம்மா கையில் கொடுத்து ஒரு மணி நேரம் படித்துப் பார்க்கச் சொன்னான். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் பக்கத்தில் சித்தி வீடியோ காலில் வந்து, புது மூக்குத்தி தெரிகிறதா என்று மூக்கைத் திரை முழுக்கக் காட்டினாள். நான்காம் பக்கத்தில் குடும்பக் குழுவில் பதினேழு பேர் காலை வணக்கம் சொன்னார்கள். ஐந்தாம் பக்கத்தில் கருவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது. ஆறாம் பக்கத்தில் அவனே அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, படிக்க வசதியாக இருக்கிறதா என்று விசாரித்தான்.

"நல்லா இருக்குப்பா. எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லி அம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் வாக்கியத்தை வைத்து அவன் பத்துக்கு ஒன்பது போட்டான்.

இதில் அவன் செய்த ஒரே பிழை, இரண்டு கருவியையும் ஒரே அக்கவுன்ட்டில் போட்டது. மின்னூல் கடையின் ஒரு மாத இலவசச் சந்தா ஒரு ஆளுக்குத்தான். வீட்டில் மூன்று பேருக்கும் அதுவே போதும் என்று கணக்குப் போட்டான். ஒரே சோப்பு, ஒரே பற்பசை, ஒரே அக்கவுன்ட்.

திங்கட்கிழமை காலை, அலுவலகம் கிளம்பும் முன் பேட்டரி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க டேப்லெட்டைத் திறந்தான். திரையில் மரியாதையாக ஒரு செய்தி நின்றது. 'வேறொரு கருவியில் நீங்கள் இந்த நூலை 114ஆம் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள். அங்கே செல்லலாமா?'

எந்த நூல் என்று பார்த்தான். 'வீட்டைவிட்டுத் தனியே: கிளம்புபவருக்கான முழுக் கையேடு'. மொத்தம் நூற்றுத் தொண்ணூறு பக்கம்.

செல்லலாம் என்று தொட்டான். நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் கோடு இழுத்திருந்தது. 'சண்டை போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். சண்டை போட்டால் சமாதானம் பேச ஆள் வந்துவிடும்.'

ஷூவில் ஒரு கால், செருப்பில் ஒரு கால் என்று நின்றபடியே பின்னால் புரட்டினான். கோடு போட்ட இடங்கள் இருபத்திரண்டு. அவற்றில் நான்கில் குறிப்பும் எழுதியிருந்தது. 'பால்கனி அவசியம்.' 'இரண்டு தட்டு போதும்.' 'பூட்டு நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.' கடைசிக் குறிப்பு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்: 'இந்த வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.'

வேறொரு கருவி என்றால் வீட்டில் இருப்பது ஒன்றுதான். அது மனைவியின் கட்டில் ஓரத்தில் இருந்தது. மனைவி குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். வீட்டைவிட்டுப் போகிறவள் பாடுவாளா என்று யோசித்தான். போகிறவள்தான் பாடுவாள் என்று தோன்றியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காத வரைக்கும் அது வெறும் புத்தகம். அதனால் அவன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தான்: தன் மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்வது. செவ்வாய்க்கிழமை, யாரும் கேட்காமலே, எல்லாப் பாத்திரங்களையும் கழுவி, துடைத்து, அளவு வாரியாக அடுக்கி வைத்தான். மனைவி சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் நன்றி இல்லை. திருடன் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போனதைப் பார்க்கிறவள் பார்வை அது.

அன்று டேப்லெட்டில் 131ஆம் பக்கம்.

புதன்கிழமை நடுப்பகலில் அவள் அவனுடைய அலுவலகத்துக்கே சாப்பாடு எடுத்து வந்தாள். ஆறு வருடத்தில் முதல் முறை. பக்கத்து மேசைக்காரன், என்ன அட்டவணை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தான். அவள் எதிரில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியாக ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்கிற மாதிரி. அவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆனாலும் டப்பாவைக் காலி செய்துவிட்டு, இரண்டு முறை, பிரமாதம் என்றான். அவள் முகம் வெளுத்தது.

146ஆம் பக்கம். நாளுக்குப் பதினாறு பக்கம் வீதம் வகுத்துப் பார்த்தான். சனிக்கிழமை முடிகிறது.

வியாழக்கிழமை மாலை நடந்ததுதான் அவனை முழுசாகச் சாய்த்தது. கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டும், இன்னும் முடிவு எழுதவில்லை என்று பேச்சுக்குச் சொன்னான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"டேப்லெட்டே நல்லதுன்னு எழுது. நீ சொன்னதுதான் சரி."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆறு வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத வாக்கியம். தலையணை உறையின் நிறம் முதல் தண்ணீர் கொதிக்கும் நேரம் வரை எதிலும் விட்டுக்கொடுக்காதவள், கண் விஷயத்தில், தன் தொழில் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறாள். வழக்கில் அக்கறை இல்லாதவர்கள்தான் வழக்கை விட்டுக்கொடுப்பார்கள். பெட்டி கட்டியாயிற்று என்று பொருள்.

"இல்லல்ல, இ-ரீடர்தான் நல்லது. கண்ணுக்கு இதம். நீ அன்னிக்கே சொன்னே, எனக்குத்தான் புத்தி இல்ல" என்றான் அவசரமாக.

"நீ ஏன் இப்படிப் பேசறே?" என்றாள் அவள்.

"நீ ஏன் அப்படிப் பேசினே?"

அவள் அவனுடைய சட்டைகளையும் சேர்த்து மடிக்க ஆரம்பித்தாள். அவன் ஓடிப்போய் அவளுடைய மேலாடையை இஸ்திரி போட ஆரம்பித்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நிறைவாக ஒரு புன்னகை செய்துவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை 176. அன்று இருவரும் குளியலறையைச் சேர்ந்து கழுவினார்கள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரஷ்ஷுக்காக இழுபறி நடந்ததில் பிரஷ் உடைந்தது. உடைத்தது நான்தான், நான்தான் என்று இருவரும் குற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். இந்த மாதிரி மரியாதையோடு மனிதன் எத்தனை நாள் உயிர் வாழ முடியும்?

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவன் முடிவெடுத்தான். முழு ராத்திரியும் தலைக்குள்ளேயே கட்டம் போட்டு, அவள் போகக் காரணம் ஒரு பக்கம், இருக்கக் காரணம் ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்திருந்தான். இருக்கக் காரணம் பக்கத்தில், வீடு அவள் கடைக்குப் பக்கம் என்பதைத் தவிர வேறெதுவும் உறுதியாகத் தோன்றவில்லை. மனைவி மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. அவன் டேப்லெட்டை அவள் முன்னால் வைத்தான்.

"எப்ப கிளம்பறே?"

அவள் நிமிர்ந்தாள். "அதை நான்தானே கேக்கணும்?"

"நீ எதுக்குக் கேக்கணும்? போறது நீ."

"நானா? கோடு போட்டுப் படிச்சது நீ. ரெண்டு தட்டு போதுமாம். ரெண்டாவது தட்டு யாருக்குடா?"

அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. திங்கட்கிழமை மாலை கடையிலிருந்து வந்து இ-ரீடரைத் திறந்திருக்கிறாள். கடைசியாகப் படித்த நூல் என்று அந்தக் கையேடு முதலில் நின்றிருக்கிறது. தான் தொடவில்லை, ஆகவே டேப்லெட்டில் படித்தது அவன். அன்றிலிருந்து அவளுக்கும் தூக்கமில்லை. பாத்திரம் கழுவினதைப் பார்த்ததும் சந்தேகம் போய் உறுதியே ஆகிவிட்டதாம். தப்பு செய்கிறவன்தான் அளவு வாரியாக அடுக்குவான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"அப்ப அந்தச் சாப்பாடு?"

"கடைசியா ஒரு தடவையாவது உனக்கு நல்லா செஞ்சு போடலாம்னு."

அவன் சிரித்திருப்பான். வாய் பாதி திறந்தும்விட்டது. அதற்குள் அவள் கை அவன் மணிக்கட்டை அழுத்தியது. அவள் முகத்தில் நிம்மதி வந்து, வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

"நீயும் இல்ல. நானும் இல்ல. அப்ப?" என்றாள்.

வீட்டில் மொத்தம் மூன்று பேர். எந்த அட்டவணையும் இல்லாமல் செய்யக்கூடிய கணக்கு. ஆனால் இருவரும் அதைச் செய்யாமல், எழுந்து போய்க் கட்டில் ஓரத்தில் இ-ரீடரைத் தேடினார்கள். சார்ஜர் மட்டும் கிடந்தது. தலையணையைத் தூக்கினார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். அவன் அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தான்.

பால்கனிக் கதவு திறந்தது. அம்மா வந்தார். மூக்கில் கண்ணாடி. கையில் இ-ரீடர், ஒரு விரல் பக்கம் திருப்பத் தயாராக ஓரத்திலேயே இருந்தது.

"இதைத் தேடறீங்களா? இன்னும் நாலு பக்கம்தான். முடிச்சுட்டுத் தர்றேன்" என்றார்.

சொன்னவர் மேசையில் உட்கார்ந்து முடிக்கத் தொடங்கினார். அவர்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் திரும்பியது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா பார்வையைத் தூக்காமலே கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார், லைனில் காத்திருக்கச் சொல்கிற மாதிரி. இன்னொரு பக்கம். அவனுக்குக் கால் மரத்துப்போயிற்று. ஒரு மனிதனின் தலையில் இடி விழுந்த பிறகும் நாலு பக்கம் காத்திருக்க வேண்டும் என்று அவன் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை.

முடித்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு சொன்னார். இரண்டு தெரு தள்ளி, தையல் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஓர் அறை. சின்ன பால்கனி உண்டு. பென்ஷனுக்குக் கட்டுப்படியாகிற வாடகை. முன்பணம் கொடுத்தாயிற்று, சாவி வாங்கியாயிற்று. பூட்டுக்காரர் நாளைக்கு வருகிறார். திங்கட்கிழமை போகிறார்.

அவர் வானிலை சொல்கிற மாதிரி சொல்லி முடித்தார்.

மனைவிதான் முதலில் உடைந்தாள். "நாங்க என்ன குறை வெச்சோம் அத்தை?"

"ஒரு குறையும் வெக்கலம்மா. அதான் கஷ்டம். தண்ணி குடிக்கலாம்னு எழுந்தா ரெண்டு பேர் ரெண்டு டம்ளர் கொண்டு வர்றீங்க. இவன் ஆபீஸ்லேர்ந்து மூணு தடவை கூப்பிட்டு சாப்பிட்டியாங்கறான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதும் கூப்பிட்டுக் கேக்கறான்."

"எங்க மேல கோவமாம்மா?" என்றான் அவன்.

"கோவம்னா இங்கேயே இருந்து சண்டை போட்டிருப்பேனே. முப்பத்தொரு வருஷம், ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஒருத்தரோட ஒருத்தர் பேச வெச்சேன். காதுல மாட்டின ஹெட்செட் ரிட்டயர் ஆன அப்புறமும் கழண்ட மாதிரியே இல்ல. பகல்ல நீங்க போனதும் இதை எடுத்துப் படிப்பேன். ஒரு நாள் முழுக்கப் படிச்சேன், யாரும் உள்ள வரல. இதுக்குள்ள யாரும் வர முடியாதுன்னு அப்பதான் தெரிஞ்சது. இந்த மாதிரி ஒரு வீடு கிடைச்சா எப்படி இருக்கும்னு நினைச்சேன்."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தக் குறிப்பை எழுதியபோதே சொல்லிவிடத்தான் நினைத்தாராம். பயமாக இருந்திருக்கிறது. தான் நடுவில் இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் பாத்திரத்துக்கும் பற்பசைக்கும் அடித்துக்கொண்டே கிழவர்களாகிவிடுவார்கள் என்று.

"ஆனா இந்த வாரம் பார்த்தேனே. அப்படி ஒரு ஒத்துமை. இவன் சட்டையை நீ மடிக்கறே, உன் துணியை இவன் தேய்க்கறான். வியாழக்கிழமை பார்த்துட்டுத்தான் உள்ள போய் அந்த வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, சரி, எடுத்துக்கறேன்னு சொன்னேன். இனிமே இவங்க பொழைச்சுக்குவாங்கன்னு தைரியம் வந்துடுச்சு."

அவன் வாயைத் திறந்தான். ஒரு வாக்கியம் போதும். அம்மா, அது ஒற்றுமை இல்லை, பீதி. நாங்கள் ஒருவரையொருவர் வழியனுப்பிக்கொண்டிருந்தோம். இதைச் சொன்னால் அம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேறு வழி இருக்காது. மறுபடியும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வார், காதில் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு.

அம்மாவுக்குத் தெரியாமல் மனைவியின் பாதம் அவன் பாதத்தை மிதித்தது. பலமாக.

அவன் வாயை மூடினான். மூடிய வாயோடு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? அதனால் தனக்குத் தெரிந்த தொழிலுக்குத் திரும்பினான். சரிம்மா, போ, ஆனால் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போ என்றான். கட்டத்தைத் திறந்தே காட்டினான். டேப்லெட்டுக்கு எண்பத்து மூன்று, இ-ரீடருக்கு எழுபத்தொன்று. வண்ணத்தில் படிக்கலாம். எழுத்து எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகும். முக்கியமாக, எந்த நேரமும் முகம் பார்த்துப் பேசலாம். அந்த ஒரு கட்டத்துக்கே பன்னிரண்டு மதிப்பெண்.

அம்மா பொறுமையாகக் கட்டம் முழுவதையும் படித்தார். "பன்னெண்டு குடுத்திருக்கியே, அதைக் கழிச்சுக் கூட்டு" என்றார்.

கழித்தான். எழுபத்தொன்று. இரண்டும் சமம். அவனுடைய பத்து வருட அனுபவத்தில் சமமாக வந்த அட்டவணை கிடையாது. அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வயசானவங்களுக்கு வசதின்னு ஒம்பது போட்டிருக்கே. யாரைக் கேட்டுப் போட்டே?" என்று கேட்டார் அம்மா. அந்தக் கட்டத்தை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை.

இ-ரீடர் அம்மாவுக்கு என்று ஆயிற்று. ஒரே ஒரு உதவி கேட்டார்: இந்த அக்கவுன்ட்டிலிருந்து தன்னைப் பிரித்து, தன் பெயரில் தனியாக ஒன்று வேண்டும். தான் கோடு போடுவது இன்னொருவர் கண்ணில் பட்டால் அது கோடே இல்லை, அறிவிப்புப் பலகை என்றார். மனைவி அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டினாள். அவன் உட்கார்ந்து பழையதை நீக்கினான். இவ்வளவு நாள் கருவியில் இருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. புதிதாகத் தொடங்கினான். பெயர் கேட்டது, போட்டான். பிறந்த தேதி கேட்டது; அவனுக்கு நாள் தெரிந்திருந்தது, வருடம் அம்மா சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து பாஸ்வேர்ட் கேட்டது.

"என்ன போடட்டும்மா?" என்றான், விரல் தயாராக.

அம்மா கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றார்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அம்மா அவனைத் திரும்பச் சொன்னதில்லை. மனைவியைப் பார்த்தான், அவள் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அவனும் எழுந்து சுவரைப் பார்த்து நின்றான். பின்னால் அம்மாவின் நகம் திரையில் படுகிற சத்தம், மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். எட்டோடு நிற்கும் என்று நம்பினான். அம்மா போடுவது அவனுடைய பிறந்த நாள் என்றால் எட்டு இலக்கங்கள்தான்.

எட்டு வந்தது. ஒன்பது வந்தது. சுவரில் பெயின்ட் உதிர்ந்த இடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே அவன் பதினொன்று வரை எண்ணினான்.